‘டீக்கடையாவது’ என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையின்மை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞர்கள் ‘ஒரு டீக்கடையாவது வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்’ என்றொரு வரி இருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த ‘ஆவது’ என்ற சொல்லைப் படித்தபோது மனம் கசந்தது. கடந்த ஆறு மாதங்களாக நான் ஒரு டீக்கடை திறப்பதற்காக அலைந்துகொண்டிருக்கிறேன், இன்னும் திறந்தபாடில்லை. வேறு எதுவும் கைகூடாதவர்களுக்கு எஞ்சியிருக்கும் தொழில் இது என்று எண்ணி இறங்குகிறவர்கள் எங்கெங்கே இடறி விழ நேரும் என்பதைச் சொல்லவும், அரசிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் ஊர் தென்காசி மாவட்டம், செங்கோட்டையை அடுத்த புளியரை. கொல்லத்தில், அங்குள்ளோர் ‘அண்டி ஆபீஸ்’ என்று அழைக்கும் முந்திரிப் பருப்பு ஆலை ஒன்றில் 17 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அப்பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது எங்கள் ஆலையும் மூடப்பட்டது. செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை அகலப்படுத்தும் பணிக்காக 2010 முதல் 2018 வரை மூடிக் கிடந்த காலத்தில் நான் வாரந்தோறும் பேருந்தில்தான் சென்று வந்தேன். அதிகாலையில் ஆரியங்காவிலும் தென்மலையிலும் இறங்கி நின்று குடித்த சாயாவின் சுவை இன்றும் நாவில் இருக்கிறது. வேலை போன பிறகு என்ன செய்வது என்று யோசித்தபோது, எனக்குத் தெரிந்த பாதையும் எனக்குத் தெரிந்த பயணிகளும் இவைதானே என்று தோன்றியதால் டீக்கடை என்று முடிவு செய்தேன்.

இடத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்கறி ஏற்றிய லாரிகளும் வைக்கோல் ஏற்றிய லாரிகளும் இரவு பகலாக எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியைக் கடந்துதான் கேரளத்துக்குள் நுழைகின்றன. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு வருவோர், கார்த்திகையிலிருந்து தை வரை மாலையணிந்து சபரிமலைக்குச் செல்வோர் என்று இரண்டு பருவங்கள் இந்தச் சாலைக்கு உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், இங்கே ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்பவருக்கும் பாலில்லாத டீயை ‘ஒரு கட்டன்’ என்று கேட்பவருக்கும் ஒரே கடையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் சறுக்கல் இடத்திலிருந்தே வந்தது. சாலையோரம் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பேசி, கையிலிருந்த 25,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. கொடுத்தவர் தெரிந்தவர் என்பதால் கேட்கவும் கூச்சமாக இருந்தது. தளம் பூசி, அடுப்பு மேடை கட்டி முடித்த மறுவாரம், அந்தக் கொட்டகையின் முன்பாதி சாலைப் புறம்போக்கில் நிற்கிறது என்றும் அதை அகற்ற வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. முன்பணத்தில் 10,000 ரூபாய் மட்டுமே திரும்பக் கிடைத்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டைப் பார்த்திருந்தால் அந்தப் புல எண் யாருடையது, எது பட்டா, எது புறம்போக்கு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பதிவேட்டின் பகுதியையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பதையும் பணம் போன பிறகுதான் அறிந்தேன். பதினேழு ஆண்டுகள் கணக்கெழுதிய எனக்கே இது தெரியவில்லை என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவதாகக் கிடைத்த இடம் பட்டா நிலம். பதினோரு மாத ஒப்பந்தத்தை எழுத்திலேயே போட்டுக்கொண்டேன். ஆனால் கடையின் முகப்பு மேற்குப் பார்த்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஆனி மாதத்தில் எப்படி அடிக்கும் என்பது இவ்வூரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுப்பு மேடையை முகப்பில் அமைத்து எரித்துப் பார்த்தபோது தீநாக்கு பாத்திரத்தின் அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. எரிவாயு வீணாவது மட்டுமன்றி, பால் ஒரு ஓரத்தில் மட்டும் பொங்கி மறு ஓரம் வெதுவெதுப்பாகவே இருந்தது. மேடையை இடித்து, தென்மூலைக்கு மாற்றி, இடுப்பளவுக்குத் தகரம் அடைத்த பிறகுதான் தீ நிமிர்ந்து எரிந்தது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டீ போடுவது எவருக்கும் வரும் வேலை என்ற எண்ணமே அந்த ‘ஆவது’ என்ற சொல்லின் வேர். கூலிக்கு ஒரு மாஸ்டரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் நல்ல மாஸ்டர் கேட்ட நாள்கூலி, நான் எனக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்த லாபத்தைவிட அதிகமாக இருந்தது. ஆகவே நாற்பது ஆண்டுகள் இதே தொழிலில் இருந்து இப்போது ஓய்ந்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். ‘கத்துத் தாரேன், ஆனா அவசரப்படக் கூடாது’ என்று சொல்லி, முதல் ஒரு வாரம் என்னைக் கிளாஸ் கழுவ மட்டுமே விட்டார். வெந்நீரில் கழுவிக் கவிழ்த்த கிளாஸில் பழைய பால் வாடை சிறிதும் இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். அதன் பிறகு சாயம் இறக்கக் கற்றுக்கொடுத்தார். துணிப் பையில் தூளைப் போட்டு, பாய்லரில் கொதித்துக்கொண்டிருக்கும் நீரை அதன்மீது ஊற்றும்போது நீர் உண்மையிலேயே கொதிநிலையில் இருக்க வேண்டும். சற்றுத் தணிந்திருந்தாலும் நிறம் வரும், மணம் வராது. பை அதிக நேரம் ஊறினால் துவர்ப்பு இறங்கிவிடும். அந்தத் துவர்ப்பை எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது. பழைய தூளின் மேலேயே புதிய தூளைக் கொட்டிக்கொண்டு போகிற கடைகளில் மாலை நேரத்து டீ ஏன் கசக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆற்றுவது பார்ப்பதற்கு எளிது. கால் லிட்டர் நீர் சேர்த்துக் காய்ச்சிய ஒரு லிட்டர் பாலில் 18 கிளாஸ் டீ வர வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. முதல் வாரம் எனக்கு 13 கிளாஸ்தான் வந்தது. மீதிப் பால் ஆற்றும்போது சிந்தியும், அடிபிடித்தும், ஏடாகப் படிந்தும் போயிற்று. ஒரு கிளாஸ் 12 ரூபாய் என்று வைத்தால் ஒரு லிட்டருக்கு 60 ரூபாய் நட்டம். ஒரு நாளைக்கு 15 லிட்டர் பால் ஓடும் கடையில் அது 900 ரூபாய். ஒரு கடை பிழைப்பதும் மூடுவதும் இந்தக் கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது. நாற்பது நாட்களுக்குப் பிறகு 17 கிளாஸ் வரை வந்துவிட்டேன். அன்றைக்கு அண்ணாச்சி நான் போட்ட டீயை ஒன்றும் சொல்லாமல் முழுவதும் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். இந்த ஆறு மாதங்களில் நான் மிகவும் மகிழ்ந்த நாள் அதுவே.

தூள் வாங்குவதிலும் ஏமாந்தேன். விலை மலிவு என்று ஒருவர் கொடுத்த ஐந்து கிலோத் தூள், தண்ணீர் பட்டவுடனே கறுஞ்சிவப்பாக நிறம் கக்கியது. அண்ணாச்சி ஒரு வெள்ளை உறிஞ்சுதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூளைத் தூவினார். சிறிது நேரத்தில் தாளெங்கும் செம்பழுப்புக் கறைகள் படர்ந்தன. நல்ல தூள் என்றால் பச்சைத் தண்ணீரில் அப்படி உடனே நிறம் விடாது. அது சாயமேற்றிய தூள். ஐந்து கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன். இந்தச் சோதனையை எந்தக் குடும்பத்தலைவியும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பதால் இங்கே விரிவாகச் சொன்னேன்.

அரசு தொடர்பான வேலைகளில் எனக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்குக் காரணம் சட்டங்கள் அல்ல. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்காக ஓர் இடைத்தரகருக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். நான் விண்ணப்பித்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைக்கு அரசு வாங்கும் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 100 ரூபாய் என்பதைப் பிறகுதான் சான்றிதழோடு வந்த ரசீதில் கண்டேன். அன்றைய அந்த வரம்பு டீக்கடைக்கு எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 12 ரூபாய் விலையில் நாளொன்றுக்கு 275 கிளாஸ் விற்றால் ஆண்டுக்கு 12,04,500 ரூபாய் ஆகிவிடுகிறது, அதற்குமேல் அப்போது பதிவு போதாது, உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வடையும் பழம்பொரியும் சேர்ந்தால் சுமாரான கடைகூட அந்த எல்லையைத் தாண்டிவிட்டிருக்கும். இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அதன் விலை பெரும்பாலும் மாதம் பிறந்ததும் மாறும் என்பதும், வீட்டு மின் இணைப்பை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தவறுக்குப் பின்னரே தெரியவந்தன.

கடனுக்காகப் போன வங்கிக் கிளை ஒன்றில், சிறுதொழில்களுக்கு மத்திய அரசின் கடன் திட்டமான முத்ராவைப் பற்றிக் கேட்டேன். 2015-இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது. ஆயினும் அங்கே நிலப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று முறை நடந்துவிட்டு விட்டுவிட்டேன். இறுதியில் கைகொடுத்தது, பீடி சுற்றும் என் மனைவி உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுதான். பன்னிரண்டு பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, என் செலவுக் கணக்கை வரி வரியாகக் கேட்டு, ‘பாய்லரைப் பழசா வாங்குங்க அண்ணே, ஃபேன் இப்ப எதுக்கு’ என்று இரண்டு செலவுகளை அடித்துவிட்டு 60,000 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். எந்த அலுவலகத்திலும் என் கணக்கை அவ்வளவு அக்கறையாக எவரும் பார்க்கவில்லை.

கிளாஸ் விஷயத்தில் சிலர் எனக்குச் சொன்ன அறிவுரையை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ‘சிலருக்கு மட்டும் காகிதக் குவளையில் கொடுத்துவிட்டால் தொல்லையில்லை’ என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தச் ‘சிலர்’ யார் என்பதை நம் தென் மாவட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. என் கடையில் எல்லோருக்கும் ஒரே கண்ணாடிக் கிளாஸ், ஒரே பெஞ்சு. பிளாஸ்டிக் பூச்சுள்ள தேநீர்க் குவளைகளும் பைகளும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கேரளமும் அடுத்த ஆண்டே அத்தகைய தடையைக் கொண்டுவந்தது. பார்சல் கேட்கும் லாரி ஓட்டுநர்களுக்காக, முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்து, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வாரத்துக்கு இருமுறை இதே சாலையில் போய் வருபவர்கள் என்பதால் இது நடக்கும் என்று நம்புகிறேன்.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும், சிறு உணவுக்கடை தொடங்குகிறவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரசுக் கட்டணம் எவ்வளவு என்பதை வரிசைப்படி, தமிழில், ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டி வைக்க வேண்டும். இடத்தின் புல எண்ணைச் சரிபார்ப்பதிலிருந்து அந்தத் தாள் தொடங்க வேண்டும். ஏனென்றால் பணம் பறிபோவது அங்கேதான். அதோடு, மாவட்டத் தொழில் மையங்கள் கணினிப் பயிற்சிக்கும் தையல் பயிற்சிக்கும் காட்டும் அக்கறையை இந்தத் தொழிலுக்கும் காட்டி, ஓய்ந்திருக்கும் டீ மாஸ்டர்களைக் கௌரவ ஊதியத்தில் அழைத்து, ஒரு மாதப் பயிற்சி நடத்த வேண்டும். என் அண்ணாச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் எனக்குக் கற்றுத்தந்ததற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அவரைப் போன்றவர்களின் கைப்பக்குவத்தை இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

பழைய பாய்லர் ஒன்று கடையநல்லூரில் பேசி முடித்தாயிற்று. ஈயம் பூசி அடுத்த வாரம் வருகிறது. மாலையணிந்தவர்களின் வண்டிகள் வரத் தொடங்கும் கார்த்திகை முதல் நாள் அதிகாலை நான்கு மணிக்குக் கடையைத் திறக்க எண்ணியிருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
புளியரை, தென்காசி மாவட்டம்.