கடைசியில் வருகிறவன் வைத்த விலை

அன்புள்ள வாத்தியாரே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டுப் படி. வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

என்னை எழுத வைத்தது கரண்ட் பில். போன பில்லைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! நான் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். நம்ம மொட்டையோ, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டான் (அவன் திருந்தவே மாட்டான்). மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தோம். மீட்டர் யோக்கியம்தான். பாதிக் குற்றம் ஏசியுடையது. மீதிப் பாதி, யூனிட் விலையே ஏறியிருந்தது. பருவத்துக்குப் பருவம் விலை மாறும் திட்டத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அப்புறம் ஒரு வாரம் இதே பைத்தியம். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைப்பது செலவு பிடித்த வேலை. கேட்கிற நொடியிலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். காற்று, சூரியன், அணு என்று ஓட்டும் செலவு குறைந்தவற்றை முதலில் எடுப்பார்கள். வெயிலில் ஏசி ஓடித் தேவை ஏற ஏற, செலவு கூடிய எரிவாயு நிலையங்களைக் கிளப்புவார்கள். பல நாட்டுச் சந்தைகளில், கடைசியாக எடுத்த நிலையம் கேட்கும் விலைதான் அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் விலை. கடைசியில் வருகிறவன் வைத்ததே சட்டம் என்றால், ஹாஸ்டலில் நீதானே ராஜா!

வெயில் இன்னொரு வேலையும் செய்கிறது. சூடேறிய சோலார் பலகை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் இழக்கும். கம்பிகள் குறைவாகவே கடத்தும். ஆற்று நீரில் குளிரும் நிலையங்கள், நீர் சூடானால் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவரும். எல்லோரும் அதிகம் கேட்கிற நேரம் பார்த்து இவையும் படுத்துக்கொள்கின்றன.

குளிர் நாடுகளில் கதை தலைகீழ். வெயில் காலத்தில் எரிவாயுவை வாங்கி, வற்றிய எரிவாயுக் கிணறுகளிலும் உப்புக் குகைகளிலும் நிரப்பிக் குளிரில் எடுப்பார்கள். நிரப்பியது போதாது என்று தெரிந்தால் போதும், குளிர் வருமுன்பே விலை எகிறும். 2021இல் ஐரோப்பா அப்படித்தான் மாட்டியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் சீக்கிரம் வீடு திரும்பினேன். அம்மா ஏசியை அணைத்துவிட்டு, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேர்த்துக் கிடந்தாள். நான் பில்லைப் பார்த்துப் போட்ட கூச்சலை உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். எனக்கு வாய் வரவில்லைடா.

நீ நிலையான விலைத் திட்டத்துக்கு மாறினாயே, பாதியில் விலகினால் அபராதம் உண்டா? வெயில் காலத்து விலையைச் சேர்த்துத்தான் மாதா மாதம் வாங்குவார்கள் என்று தெரியும், பரவாயில்லை. உடனே பதில் போடு. பில் தப்பாக வந்துவிட்டது, திருத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீயும் அதையே சொல்.

உன்,
பழைய கடன்காரன்