கையெழுத்து அதிபருடையது, கதவு செனட்டுடையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா ஏதாவது ஓர் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் போதும், நம் பத்திரிகைகள் (உங்களுடையதும் சேர்த்துத்தான்) அதை அதிபரின் முன்கோபம், பிடிவாதம் என்று எழுதி முடித்துவிடுகின்றன. டிரம்ப் விஷயத்தில் அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

அங்கே ஒரு சர்வதேச உடன்படிக்கைக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 100 பேரும் வந்திருந்தால் 67. மாநிலத்துக்கு இரண்டே செனட்டர்கள் என்பதால் சுமார் 3.95 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 5.77 லட்சம் பேர் உள்ள வயோமிங்குக்கும் அங்கே ஒரே பலம். மிகச் சிறிய 17 மாநிலங்களைக் கூட்டினால் 34 செனட்டர்கள், எந்த உடன்படிக்கையையும் தடுக்க அது போதும், ஆனால் அங்கே வாழ்வது நாட்டு மக்களில் 8 சதவீதம்கூட இல்லை. அந்த 17 மாநிலங்களும் ஒரே கட்சியின் கையில் இல்லை என்பது வேறு விஷயம்.

2012 டிசம்பர் 4 அன்று நடந்ததைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. அமெரிக்காவின் சொந்த 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது அது, இந்தியா 2007லேயே ஏற்றுக்கொண்டாயிற்று. குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் பாப் டோல், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வலது கை செயலிழந்தவர், 89 வயதில் சக்கர நாற்காலியில் அவைக்குள் வந்து உட்கார்ந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் வந்து கை குலுக்கி நலம் விசாரித்தார்கள், அப்புறம் போய் அவர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவு 61, எதிர்ப்பு 38, வாக்களித்தது 99 பேர் என்பதால் 66 வேண்டும், ஐந்து வாக்கில் போயிற்று! வீட்டிலேயே வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் விஷயத்தில் ஐ.நா. மூக்கை நுழைக்கும் என்பது எதிர்ப்பாளர்கள் கிளப்பிய பயங்களில் ஒன்று.

இதற்கே இந்தக் கதி என்றால், ஈரான் தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தினால் பதிலுக்குத் தடைகளைத் தளர்த்துவது என்ற ஈரான் அணு ஒப்பந்தம் செனட்டில் தேறுமா? அதனால்தான் 2015ல் ஒபாமா அதை அங்கே உடன்படிக்கையாகக் கொண்டுபோகாமல் தன் அதிகாரத்திலேயே முடித்தார். ஒருவர் தன் கையால் போட்டதை அடுத்தவர் தன் கையால் அழிக்கலாம், 2018 மேயில் டிரம்ப் அதைத்தான் செய்தார். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தமும் அப்படித்தான்: 2020 நவம்பரில் வெளியே, 2021 பிப்ரவரியில் உள்ளே, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேற உத்தரவு. செனட் ஒப்புதல் பெற்றால் மட்டும் நிரந்தரமா என்றால் அதுவும் இல்லை, சோவியத் யூனியனோடு போட்ட 1972ன் ஏவுகணை எதிர்ப்பு உடன்படிக்கையை புஷ் 2002ல் தூக்கிப் போட்டார். ஆனாலும் அது 30 வருஷம் தாங்கியது, ஈரான் விவகாரம் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை.

ஜனநாயக நாட்டுத் தலைவர் ஊரறியச் சொன்னதிலிருந்து பின்வாங்கினால் சொந்த நாட்டிலேயே அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும், ஆகவே அவர் சொல்லுக்கு வெளியே மதிப்பு அதிகம் என்று அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரான் 1994ல் எழுதினார். போர் மிரட்டல்களை வைத்துச் சொன்னதை மற்றவர்கள் ஒப்பந்தங்களுக்கும் நீட்டினார்கள். சரி, ஆனால் முந்தைய அதிபர் கொடுத்த வாக்கை மீறினால் பாதி வாக்காளர்கள் கைதட்டுகிறார்கள் என்னும்போது விலை எங்கே வருகிறது? கட்சிப் பிளவு முற்றியபின் அந்த வாதம் அமெரிக்காவுக்கு எவ்வளவு பொருந்தும் என்று இப்போது அறிஞர்களே கேட்கிறார்கள்.

இது நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை 1965ல் இந்திய அரசும், ஓர் அமெரிக்க எண்ணெய் கம்பெனியும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. அணு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய டிரம்ப் மறுபடி போட்ட அமெரிக்கத் தடைக்குப் பயந்து 2019 மேயில் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதையே நிறுத்தியது.

இனி அமெரிக்காவுடன் ஏதாவது 'வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம்' என்று முதல் பக்கத்தில் போடும்போது, அது செனட்டுக்குப் போகுமா, அதிபர் கையெழுத்தோடு நிற்குமா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருவொற்றியூர்