டெலிவரிக் கூலி ஏன் கூடுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரி முதல், மாவும் தூள் வகைகளும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி 150 ரூபாவிலிருந்து 200 ரூபா ஆகிறது. வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமாகிவிட்டது. முன்பு விலக்குப் பெற்றிருந்த பெற்றோலும் டீசலும் இப்போது அதற்குள் வந்துவிட்டன. மில்லுக்கு வந்து வாங்குவோருக்கு விலை பழையபடிதான்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் போன கிழமை கவுண்டரில் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, நாங்கள் அவைக்கு வாக்கே போடேல்லையே. அவை செய்ததுக்கு நாங்கள் ஏன் காசு கட்டவேணும்?"

நியாயமான கேள்விதான். 2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்குகளில் 80 வீதத்துக்கு மேல், கோட்டாபய ராஜபக்ஷவிடம் தோற்ற சஜித் பிரேமதாசவுக்கே விழுந்தன. ஆனால் 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு விற்றபோது நாங்களும்தான் லைனில் நின்றோம்.

டொலர் இல்லாததால்தான் டீசல் இல்லாமல் போனது. அந்த வருடம் ஜனவரி 18 ஆம் திகதி நாடு பிணைமுறி விற்று வாங்கிய வெளிநாட்டுக் கடனுக்கு 50 கோடி டொலர் கட்டினார்கள். சுமார் இரண்டு கிழமையில், எரிபொருள் வாங்க இந்தியாவிடம் அதே 50 கோடி டொலர் கடனுக்குக் கையெழுத்து வைத்தார்கள். ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவிப்பு வந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். எங்கள் பட்டா எனும் சின்ன லொறி வாசலிலேயே நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப சண்டை நடந்தது, இப்ப என்னவாம்?" என்றார்.

இந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு யாருடையது என்பதை 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவும், அவருடைய சகோதரர்களான மஹிந்த, பசில் ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் இன்னும் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்பது தீர்ப்பு. வழக்குப் போட்டவர்களில் முன்னாள் நீச்சல் வீரர் ஜூலியன் பொலிங்கும் ஒருவர். நாட்டு மக்களுக்கு நட்டஈடு எதுவும் இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2019 கடைசியில் வற் வரியை 15 இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். வற் பதிவு கட்டாயமாகும் விற்பனை எல்லையையும் வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தினார்கள். எங்கள் மில் வற் பதிவிலிருந்தே கழன்றது. அன்று வேலைசெய்யும் பிள்ளைகளுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தேன். அரசாங்கம் இனி எதை வைத்துச் செலவு செய்யும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பிறகு டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்தபோதும், இறக்குமதிச் செத்தல் மிளகாய்க்கு அது நல்லதென்றே நினைத்தேன். வாக்குப் போடவில்லை என்பது உண்மை. சலுகை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

இரண்டு கான் டீசல் ஒளித்து வைத்திருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் லைன் நீண்டிருக்கும். ஆனால் கானில் பதுக்குபவர்களால்தான் தட்டுப்பாடு என்று அப்போது சிலர் சொன்னதை இன்றும் ஏற்கமாட்டேன். இரண்டு கானால் நாடு வங்குரோத்தாகாது.

இனித் தேர்தல் ஒன்று வரும்போது, வரியைக் குறைக்கிறேன் என்று யாராவது வாசலுக்கு வந்தால், அந்தக் காசுக்கு வேறென்ன வழி என்று இந்த முறை கேட்பதாக இருக்கிறேன். நீங்கள் எங்களையும் அப்படியே கேளுங்கள். மாதாந்த விலைத் திருத்தத்தில் டீசல் இறங்கினால் கூலியும் இறங்கும். அன்றைய டீசல் விலையைப் பில்லிலேயே எழுதித் தருவோம்.

அப்புறம், இரண்டு கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்குப் பொருள் சைக்கிளில் வரும், கூலி இல்லை. மற்றவர்களுக்கு லொறி திங்களும் வியாழனும்.

அன்று பின்னால் ஆட்கள் நின்றதால் அந்த அம்மாவுக்கு இவ்வளவும் சொல்ல முடியவில்லை. அவருடைய ஒடியல் மா வியாழக்கிழமை வரும்.

இப்படிக்கு,
உங்கள் மில்காரர்