மூன்றரை வயதுக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

மழலையர் பள்ளிக்கு முந்தைய வகுப்புகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில், "உங்கள் பெண் எழுத்தில் பின்தங்கியிருக்கிறாள்" என்றீர்கள். அவளுக்கு வயது மூன்றரை. யாரைவிடப் பின்தங்கினாள் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் நகர்ந்துவிட்டேன்.

தினமும் இரண்டு பக்கம் 'அ' எழுதிவர வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. முதல் நாலைந்தை விளையாட்டாக எழுதுகிறாள். அப்புறம் சுழி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்த, தாள் கிழிகிறது. கிழிந்தால் மிஸ் திட்டுவார் என்று அழுகை. செவ்வாய்க்கிழமை நோட்டையே காணோம். தேடியதில் போர்வைக்கு அடியில் கிடைத்தது. "நோட்டு தூங்குதும்மா, எழுப்பாதே" என்றாள். சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு வயதுகூட ஆகலாம். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவதும் ஆறேழு வயது வரை இயல்பு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. களிமண் பிசைந்து, மணி கோத்து, பொத்தான் மாட்டித்தான் விரல்கள் எழுதத் தயாராகின்றன. உங்கள் கையேட்டின் அட்டையிலும் களிமண் பிசையும் குழந்தைதான் சிரிக்கிறது. வகுப்பிலோ அந்தக் களிமண் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ஐந்து வயதுக்கு முன்னால் எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம். கேட்பது இவ்வளவுதான்.

ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் தன் மழலையர் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் கையில் அவர் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டையும். நீங்கள் நாற்றங்காலிலேயே மகசூல் கேட்கிறீர்கள். சேர்க்கையின்போது குழந்தையை உட்காரவைத்து நேர்காணல் நடத்தியவர்கள்தானே! அடுத்து வயிற்றில் இருக்கும்போதே மாதிரித் தேர்வு வைத்தாலும் வியப்பில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே" என்று உங்களை நெருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. போன வருடம் நானே அப்படிக் கேட்டிருக்கிறேன்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. ஐந்து வயது வரை எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அலமாரிச் சாவியையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். நீங்கள் முடிவு சொல்லும்வரை அந்த நோட்டை நான் எழுப்புவதாக இல்லை. அதற்காக அவளைத் திட்ட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
'பின்தங்கிய' மாணவியின் அம்மா