பெரிய கடைக்குக் கையெழுத்துப் போடுமுன் எங்கள் தெருவைப் பாருங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர்-செயலர் அவர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அதில் வடசென்னைக்காக ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவே இதை எழுதுகிறேன். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கோ ஹைப்பர் மார்க்கெட்டுக்கோ அனுமதி தருமுன், அது வந்தால் சுற்றியுள்ள கடைகளும் தெருவும் என்ன ஆகும் என்று விசாரியுங்கள். அந்த விசாரணையை அந்தந்த வார்டிலேயே மக்கள் முன்னால் நடத்துங்கள்.

இன்றைக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் சாலை அகலம், கட்டடப் பரப்பு, வண்டி நிறுத்தும் இடம், தீயணைப்பு வண்டி போகும் வழி எல்லாம் பார்க்கப்படுகின்றன. தேவையானவைதான். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு எதிர்வரிசையில் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறவரைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். படகில் போகிறவருக்கு மட்டுமா வருமானம் நிற்கிறது? ஐஸ் உடைப்பவர், மீன் வெட்டிக் கொடுப்பவர், ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் அம்மாக்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் என எல்லார் கையும் காய்ந்துபோகும். அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அது. அந்த இரண்டு மாதமும் பல வீடுகளில் அடுப்பு எரிவது அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டால்தான். அரிசி, பருப்பு, எண்ணெய், பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு வேண்டிய நோட்டு, பேனா வரைக்கும் பாக்கியில் வரும். படகு கடலுக்குப் போக ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்காமல் எத்தனை குடும்பங்களை அந்த நோட்டு காப்பாற்றியிருக்கிறது என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

இந்தக் கடன் அண்ணாச்சியின் நல்ல மனசால் மட்டும் நடப்பதல்ல. அதே குடும்பங்கள் மீதிப் பத்து மாதமும் அவரிடம் ரொக்கத்துக்கு வாங்குகின்றன. அந்த ரொக்கம்தான் இரண்டு மாதப் பாக்கியைத் தாங்குகிறது. பெரிய கடை வந்ததும் முதலில் போவது ரொக்க வியாபாரம். கடன் மட்டும் சின்னக் கடையில் தங்கிவிடும். அப்படி ஒரு வருஷம் தாங்குவார், இரண்டு வருஷம் தாங்குவார். பிறகு ஷட்டரை இறக்கிவிடுவார். அடுத்த தடைக்காலத்தில் பெரிய கடையின் பில் கவுண்டரில் போய், ‘படகு இறங்கட்டும், தருகிறேன்’ என்று யாரிடம் சொல்வது?

பெரிய கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு என்பது உண்மை. மாதச் சம்பளக்காரர் ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கும்போது நல்ல மிச்சம் தெரியும். தினக்கூலியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் 50 கிராம் மிளகாய்த்தூளும் 100 மில்லி எண்ணெயும் வாங்குகிற வீட்டுக்கு அந்தச் சலுகை எட்டுவதில்லை. சின்னக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு வார விடுப்புகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைத் திருத்தத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஆஸ்டின் பகுதியில் 2006இல் வால்மார்ட் நிறுவனம் ஒரு பெரிய கடையைத் திறந்தது. சுற்றிலும் இருந்த 306 கடைகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008 முடிவதற்குள் 82 கடைகள் மூடிவிட்டன; பெரிய கடைக்குக் கிட்டே இருந்தவைக்குத்தான் ஆபத்து அதிகம். அதே நகரத்தில், ஆஸ்டின் கடை நீங்கலாக வேறு நான்கு கடைகளை, நஷ்டம் என்று சொல்லி 2023இல் அந்த நிறுவனமே மூடியது. பெரிய நிறுவனம் கணக்குப் பார்த்து வரும், கணக்குப் பார்த்துப் போகும். அது போன பிறகு, மூடிய மளிகைக் கடை தானாகத் திரும்பி வராது.

வியாபாரம் எங்கே நடக்க வேண்டும் என்று பார்ப்பது உங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோயம்பேடு மார்க்கெட்டைக் கட்டியது நீங்கள்தான். 1996இல் கொத்தவால் சாவடியில் நடந்த பழைய காய்கறிச் சந்தை வியாபாரத்தை அங்கே கொண்டுபோனதும் திட்டம் போட்டுத்தான். பிரான்ஸில் 1973லேயே பெரிய கடைகளுக்கு அனுமதி தர உள்ளூர்க் குழு அமைத்துச் சட்டம் வந்தது. வியாபாரிகளும் நுகர்வோரும் அந்தக் குழுவில் இடம்பெற்றார்கள். நம்மாலும் முடியும்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனங்களின் கிடங்குகளையும் இந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாம் திட்டம் 2008இல் வந்தபோது இப்படி ஒன்று கிடையாது. அது கடையா, குடோனா, குடியிருப்புத் தெருவுக்குள் இருக்கலாமா என்று மூன்றாம் திட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரலாம், எங்கே நின்று இறக்கலாம் என்பதும் அனுமதியிலேயே இருக்கட்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பண்டிகை நேரத்தில் ஒரு வேன் நின்றாலே என்ன ஆகும் என்று வந்து பாருங்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைத்தபோது மதிப்பு 4,181 கோடி. இத்தனை காலம் கண்டுகொள்ளாத பகுதிக்குப் பணம் வருகிறதே என்று மனசார சந்தோஷப்படுகிறேன். ஆனால் சாலை அகலமாகி, மெட்ரோ வந்து, இடத்தின் மதிப்பு ஏறும்போது பெரிய கடைகளும் பின்னாலேயே வரும், கடை வாடகையும் ஏறும். அதனால் விதியை இப்போதே எழுதுங்கள்.

விசாரணைக் கூட்டத்தை எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். கடையை விட்டு எவரும் அங்கே வர முடியாது. கல்மண்டபத்திலோ தண்டையார்பேட்டையிலோ, மீன் வியாபாரம் முடிந்த மதியத்துக்கு மேல், மாநகராட்சிக் கூடம் ஒன்றில் வையுங்கள். வரப்போகும் கடையின் பரப்பு, லாரிகளின் எண்ணிக்கை, வேலைக்கு எடுக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து, ஒரு மாதம் முன்பே அந்தத் தெருவின் கடை வாசல்களில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கும் ஒருவர்