களையெடுத்த கை

நீடாமங்கலம்
புரட்டாசி 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அன்றைக்கு நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சாக்கு இல்லை, நடுவயலில் நின்றுகொண்டிருந்தேன். சம்பாவுக்கு முதல் களை. ஆள் குறைவு, நானும் இறங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டர் தரும் இரண்டு பதிலில் எது மேல் என்று நாள் முழுக்க மதிப்பெண் போடுகிறாய். "அதுக்கு நிஜமாவே புரியுதாம்மா, இல்ல புரிஞ்ச மாதிரி பேசுதா?" என்று கேட்டாய். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் குனிந்திருந்த அஞ்சலை சிரித்தாள். "டீச்சரம்மா, நெல்லைப் புடுங்கிட்டுப் புல்லை விட்டுட்டு வர்றீங்களே!"

முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவளுக்கு இது வேண்டியதுதான். குதிரைவாலிப் புல் இளசில் அச்சு அசல் நெற்பயிர். இலை தாளைச் சேரும் இடத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அங்கே வெளுப்பாக ஒரு சவ்வு, குட்டி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். புல்லுக்கு மொழுமொழுவென்று ஒன்றும் இருக்காது.

அதற்கு யாரும் வேஷம் கட்டிவிடவில்லை. ஏமாற்றும் எண்ணமும் அதற்குக் கிடையாது. நெல் மாதிரி இல்லாததையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள். கண்ணுக்குத் தப்பியது விதை போட்டது. வாவிலோவ் என்ற ரஷ்ய அறிஞர் பெயரில் இதற்குப் பாடமே உண்டு. ஒழிக்கப் போன கைதான் வளர்த்திருக்கிறது.

நீ போடும் மதிப்பெண்ணும் களையெடுப்புதானே? நமக்குப் பிடித்த மாதிரி பேசுவது நிற்கிறது, மற்றது போகிறது. எழுத்தில் உரையாடி, எதிரில் இருப்பது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையை 1950இல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் முன்வைத்தார். அது பயிரைச் சோதிப்பதைவிடக் களையெடுப்பவளின் கண்ணைச் சோதிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

அதற்காக உன் அப்பா மாதிரி "எல்லாம் போலி" என்று ஒரே போடாகப் போடவும் மனசு வரவில்லை. நம் மூளை மட்டும் உண்மையைக் காண்பதற்கென்றே அளவெடுத்துச் செய்ததா? பிழைக்க உதவியது தங்கியது, அவ்வளவுதான். குரங்கின் மனதில் நம்பிக்கைகள் இருந்தால் அவற்றை யாராவது நம்புவார்களா என்று 1881இல் டார்வினே ஒரு கடிதத்தில் தன் மனதைப் பற்றிச் சந்தேகப்பட்டார். கோதுமை வயலில் களையாகப் புகுந்த ரை என்ற தானியம், குளிர் தேசங்களில் தானே பயிராகிவிட்டது என்று சொன்னவரும் அதே வாவிலோவ்தான். கதிரை அறுத்து ரொட்டி சுட்ட பிறகு அதைக் களை என்று எந்த வாயால் சொல்வது?

நெல்லில் எனக்கு அந்தக் குட்டி நாக்கு இருக்கிறது. உன் இயந்திரத்தில் எந்த இடத்தை விலக்கிப் பார்ப்பீர்கள்? உங்கள் ஆபீசில் யாராவது அதைத் தேடுகிறார்களா, இல்லை எல்லோருமே மதிப்பெண்தான் போடுகிறீர்களா? அடுத்த போனில் சொல்லு.

கேட்டாயே என்று குதிரைவாலி அரிசி இரண்டு கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். ஆமாம், அந்தப் புல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். கல் கிடக்கும், நன்றாக அரித்துவிட்டுப் போடு.

அம்மா