பள்ளிக்கூட ஊசியும் வட்ஸ்அப் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆறாம் ஆண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில போடுற எச்பிவி ஊசியைப் பற்றி எங்கட பக்கம் ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்துது, அதைப் போட்டா பிறகு பிள்ளை தங்காதாம். ஆர் சொன்னது எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா சம்மதக் கடிதத்தில சைன் வைக்காமலே திருப்பி அனுப்பின தாய்மார் இருக்கினம். கர்ப்பப்பை வாசல் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி இது, 2017ல இருந்து நாடு முழுக்கப் போடீனம், காலியில படிக்கிற சிங்களப் பிள்ளைக்கும் இதேதான்.

அதுக்காக அந்தத் தாய்மாரை விசர் எண்டு சொல்லேலாது. 2013ல எங்கட கிளிநொச்சி மாவட்டத்து வேரவில் பக்கம் பொம்பிளையளை வற்புறுத்திக் கருத்தடை வைச்சது எண்டு முறைப்பாடு வந்ததெல்லோ, அந்தக் கதை இஞ்ச இன்னும் ஓடுது. ஆனா இதே வன்னிச் சனம்தான் சண்டைக் காலத்திலயும், போலியோ சொட்டுக்கெண்டு ரெண்டு பக்கமும் சுடாமல் நிண்ட நாளில பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில நிண்டது. 1993க்குப் பிறகு நாட்டில போலியோ இல்லை. அப்பவும் அரசாங்கத்தை நம்பி ஆர் போனது, சைக்கிளில வீடு வீடா வந்து கிளினிக் கார்ட்டைப் பார்த்து "எங்க ரெண்டாம் மாத ஊசி போடேல்லையோ" எண்டு பேசின மிட்வைஃப் அம்மாவை நம்பித்தானே.

இப்ப வாறது ஒரு துண்டுக் கடிதம். ஊசி போட முதல் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர் ஆக்கள் தாய் தேப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, கேக்கிற கேள்விக்கு எரிச்சல் படாமல் பதில் சொல்லட்டும், மிட்வைஃப்மாரும் பக்கத்தில இருக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி